டெலஸ்கோப்புக்குக் கேமராவே வழி சொல்லட்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வானத்துக்கு ஒரு பிளேட் சால்விங் வழிகாட்டி

வானத்தைப் படம் எடுக்க ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. தேடுகிற பொருள் ஃபிரேமுக்குள்ளேயே வருவதில்லை. மவுன்ட்டை, அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கி மோட்டாரால் திருப்பும் பீடத்தை, நிறுத்தி, இரண்டு நட்சத்திரங்களைக் காட்டி அலைன் செய்து, பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றிக்கொண்டு போய் எங்கோ நிற்கும், திரையில் கருப்புப் பின்னணியில் நாலைந்து புள்ளிகள் தெரியும், அது நாம் கேட்ட இடத்துக்குப் பக்கமா தூரமா என்று யாராலும் சொல்ல முடியாது. கண் வலிக்க, டெலஸ்கோப்பின் மேலுள்ள ஃபைண்டர் என்ற சின்னக் குழாயில் பார்த்து, கையால் நகர்த்தி, திரும்பவும் பார்த்து, இப்படியே ராத்திரி பதினொன்றாகிவிடும். இந்தத் தேடல் முழுவதையும் கேமராவிடம் ஒப்படைத்துவிடலாம், அதற்கு வேண்டிய மென்பொருள்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் எந்த வரிசையில் கற்றுக்கொண்டால் தடுமாறாமல் போகலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். கிருஷ்ணகிரி பஸ்ஸில் கண்ணயர்ந்தவர் விழித்ததும் ஜன்னல் வழியே மலையின் வடிவத்தைப் பார்த்துக் காரிமங்கலம் வந்துவிட்டது என்று சொல்வாரே, பிளேட் சால்விங் செய்வதும் அதேதான். டெலஸ்கோப் வழியே சில விநாடிகள் ஒரு படம் எடுக்கிறோம். மென்பொருள் அதிலுள்ள நட்சத்திரங்களை நான்கு நான்காகச் சேர்த்து, அவற்றுக்கு இடையிலான தூரங்களின் விகிதத்தைக் கணக்கிடுகிறது. படத்தை எப்படித் திருப்பினாலும், சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் அந்த விகிதம் மாறாது. அதை நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, படத்தின் நடுப்புள்ளி வானத்தில் எந்த இடம், கேமரா எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, ஒரு பிக்சல் எத்தனை ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு ஆர்க் மினிட், அதில் 60-இல் ஒரு பங்கு ஆர்க் செகண்ட்) என்று மூன்றையும் சொல்லிவிடும். சாதாரண லேப்டாப்பிலேயே சில விநாடி வேலை.

மவுன்ட், கேமரா, நட்சத்திரம் நகராமல் மவுன்ட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் கைடர் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் இணைத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்பதே என் முதல் யோசனை. அப்படிச் செய்தால் ஏதாவது ஒன்று வேலை செய்யாதபோது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் ஒரு படம், அப்புறம் கேமரா, அப்புறம் மவுன்ட், கடைசியில்தான் தானியங்கி ஓட்டம்.

முதலில் வீட்டுக்குள், ஒரே ஒரு படத்தோடு

டெலஸ்கோப்பே வேண்டாம். கேமராவில் 50 மிமீ லென்ஸைப் போட்டு, மொட்டைமாடியில் ட்ரைபாடில் வைத்து, மிருகசீரிடம், திருவாதிரை இருக்கிற ஓரியன் பக்கம் திருப்பி, ஐந்து விநாடி எக்ஸ்போஷரில் ஒரு ரா ஃபைல் எடுங்கள். பிளேட் சால்விங் செய்யும் ஆஸ்டாப் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதோடு நட்சத்திரப் பட்டியலையும் தனியாக இறக்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பட்டியல் இல்லாத ஆஸ்டாப் எதையும் கண்டுபிடிக்காது. 50 மிமீ, 135 மிமீ மாதிரியான லென்ஸ் படங்களுக்கு ஜி05 பட்டியல், 300, 400 மிமீ குவியத்தூரமுள்ள டெலஸ்கோப்புக்கு டி05 போதும், ஃபிரேமின் உயரம் அரை டிகிரியாகக் குறைகிற நீளமான குழாய்க்கு டி50. லேப்டாப்பில் இடம் இருந்தால் இப்போதே டி50-ஐயும் போட்டு வைத்துவிடுங்கள், பின்னால் பெரிய டெலஸ்கோப் வாங்கும்போது யோசிக்க வேண்டியதில்லை.

படத்தை ஆஸ்டாப்பில் திறந்து, அலைன்மென்ட் பகுதியில் ஃபிரேமின் உயரத்தை டிகிரியில் கொடுத்து, தேடும் வட்டத்தை 180 டிகிரி என்று வைத்து, சால்வ் என்பதை அழுத்துங்கள். 180 என்றால் எங்கிருந்து தொடங்குவது என்ற துப்பே இல்லாமல் முழு வானத்தையும் தேடும். கிடைத்ததும் வலது ஏற்றமும் நடுவரை விலக்கமும், அதாவது வானத்தின் தீர்க்கரேகையும் அட்சரேகையும் போன்றவை, எண்களாக வரும், ஸ்டெல்லாரியம் என்ற வான வரைபட மென்பொருளில் அந்த எண்களைத் தேடிப் பாருங்கள். நீங்கள் எடுத்த அதே நட்சத்திரங்கள் அங்கே இருக்கும். இது ஒருமுறை கைவந்துவிட்டால் மீதி எல்லாம் கேபிள் வேலைதான்.

ஃபிரேமின் உயரம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.265-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்று வரும். கேனன் 1300டி போன்ற 18 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். 400 மிமீ டெலஸ்கோப்பில் அதை மாட்டினால் 4.3 பெருக்கல் 206.265 வகுத்தல் 400, அதாவது ஏறக்குறைய 2.22 ஆர்க் செகண்ட். உயரம் 3456 பிக்சல் என்பதால் ஃபிரேம் 2.13 டிகிரி உயரம், 3.19 டிகிரி அகலம். முழு நிலவு அரை டிகிரிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு வானம் உள்ளே வருகிறது என்று புரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது, டெலஸ்கோப்பின் மேல் அச்சிட்டிருக்கும் குவியத்தூரத்தை அப்படியே நம்பக் கூடாது. குவியத்தூரத்தைக் குறைக்கும் ரெட்யூசரோ, படத்தின் ஓரங்களைச் சீராக்கும் ஃபிளாட்னரோ மாட்டியிருந்தால், கேமராவுக்கும் அதற்கும் இடையிலான தூரம் சில மில்லிமீட்டர் மாறினாலே எண் மாறிவிடும். முதல் படம் சால்வ் ஆனதும் மென்பொருளே உண்மையான அளவைச் சொல்லும். அது 2.22-க்குப் பதிலாக 2.28 என்று வந்தால் உங்கள் குழாய் உண்மையில் 389 மிமீ. அந்த எண்ணை எழுதி வைத்து, இனி எங்கே கேட்டாலும் அதையே கொடுங்கள்.

கேமராவும் கம்ப்யூட்டரும்

விண்டோஸ் லேப்டாப் என்றால் வரிசை இது: முதலில் கருவிகளையும் மென்பொருளையும் பேசவைக்கும் ஆஸ்காம் பிளாட்ஃபார்ம், அதற்கு மேல் உங்கள் மவுன்ட், கேமராவின் டிரைவர்கள், அதற்கும் மேல் எல்லாவற்றையும் ஓட்டும் நினா. நினாவின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பிளேட் சால்வராக ஆஸ்டாப்பைத் தேர்ந்தெடுத்து, அது இருக்கும் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். லினக்ஸோ ராஸ்பெர்ரி பையோ வைத்திருப்பவர்களுக்குக் கேஸ்டார்ஸ், ஈகோஸ், இண்டி கூட்டணி இதே வேலையைச் செய்யும், சால்வரும் அதிலேயே உண்டு. நான் நினாவை வைத்தே சொல்கிறேன், பெயர்கள் மாறினாலும் படிகள் மாறாது.

கேனன், நிக்கான் டிஎஸ்எல்ஆர் கேமராக்களை நினா நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். கேமராவை மேனுவல் மோடில் வைத்து, ரா ஃபைல் என்று தேர்ந்தெடுத்து, தானாக அணையும் வசதியை நிறுத்திவிடுங்கள். அதை நிறுத்தாவிட்டால் நடு ராத்திரியில் கேமரா தூங்கப் போய்விடும்.

ஃபோகஸில்தான் எல்லாம் இருக்கிறது. நட்சத்திரம் வடைபோல் பருத்திருந்தால் சால்வருக்கு அது நட்சத்திரமாகவே தெரியாது. மூன்று கோடுகள் வெட்டிக்கொள்வதுபோல் வெளிச்சம் விழவைக்கும் பாட்டினோவ் மாஸ்க்கை டெலஸ்கோப்பின் முன்னால் மாட்டி, சிரியஸ் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்து, நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரியாக மத்தியில் வரும்வரை ஃபோகஸரைத் திருப்புங்கள். பிறகு மாஸ்க்கைக் கழற்ற மறக்காதீர்கள், மாஸ்க்கோடு எடுத்த படம் சால்வ் ஆகாது.

சால்விங்குக்கான படம் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டிலிருந்து ஐந்து விநாடி போதும். வானியல் கேமரா என்றால் பின்னிங் 2 (பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்குவது) என்று வைத்தால் வேகமாக முடியும். படத்தைச் சுத்தம் செய்ய எடுக்கும் டார்க், ஃபிளாட் எதுவும் வேண்டாம்.

மவுன்ட்டுக்குச் சொல்ல வேண்டிய மூன்று: இடம், நேரம், தேதி

தருமபுரி ஏறக்குறைய வடக்கு 12.1 டிகிரி, கிழக்கு 78.2 டிகிரி. கிருஷ்ணகிரி வடக்கு 12.5, கிழக்கு 78.2. ஓசூர் வடக்கு 12.7, கிழக்கு 77.8. இவ்வளவு துல்லியமே ஆரம்பத்துக்குப் போதும், ஆனால் கிழக்கு என்ற இடத்தில் மேற்கு என்று இருந்தால் மவுன்ட் தரையைப் பார்க்கக்கூடப் போகும்.

நேரத்தில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் நேர மண்டலம் ஐந்தரை மணி, சில கருவிகளில் வெறும் 5 என்றோ 6 என்றோ விழுந்துவிடும். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுவதால் அந்த அரை மணி நேரம் ஏழரை டிகிரிப் பிழையாக வந்து நிற்கும். இன்னொன்று, சின்ஸ்கேன் கைக்கருவி தேதியை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் கேட்கும். மார்ச் 5 என்று நினைத்து 05, 03 என்று அடித்தால் அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும், ஏறக்குறைய இரண்டு மாத வானம் தள்ளிப்போய், 58 டிகிரி அந்தப் பக்கம் போய் நிற்கும். டேலைட் சேவிங் கேட்டால் நோ. லேப்டாப்பின் கடிகாரத்தை வீட்டில் இணையம் இருக்கும்போதே சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள், அஞ்செட்டிப் பக்கம் போனபிறகு சிக்னலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இக்யூமோட் டிரைவர் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்தே ஆக வேண்டும்: சிங்க் (மவுன்ட் இப்போது பார்க்கும் இடம் எது என்று அதற்குச் சொல்வது) முறையை டயலாக் பேஸ்டு என்று மாற்றி, பழைய அலைன்மென்ட் புள்ளிகளை அழித்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் டிரைவர் தனக்கென ஒரு மாதிரியைக் கட்டும், நினா தன் பங்குக்கு ஒரு திருத்தம் சொல்லும், இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

துருவம் 12 டிகிரியில் இருக்கிற ஊர்

வானம் சுழல்வதை மவுன்ட் சரியாகப் பின்தொடர வேண்டுமென்றால் அதன் அச்சு வானத்தின் வடதுருவத்தைப் பார்க்க வேண்டும், அப்படி நிறுத்துவதுதான் போலார் அலைன்மென்ட். நம் மாவட்டங்களில் இருப்பவர்களுக்குப் பிளேட் சால்விங் கூடுதலாகவே உதவும் இடம் இதுதான். வடதுருவம் நமக்கு அடிவானத்திலிருந்து 12, 12.5 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. அந்த உயரத்தில் தென்னை மரம் நிற்கும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கும், குன்று நிற்கும், எதுவுமே இல்லாவிட்டாலும் புழுதியும் பனிமூட்டமும் நிற்கும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் இருந்தால் வடமேற்கே பெங்களூரு வெளிச்சம் வேறு. வெளிநாட்டு வீடியோக்களில் துருவ நட்சத்திரத்தை மவுன்ட்டிலுள்ள சின்னக் குழாயான போலார் ஸ்கோப்பில் வைத்து இரண்டு நிமிடத்தில் முடிப்பதைப் பார்த்துவிட்டு இங்கே முயன்றால் பாதி இரவு அதிலேயே போய்விடும்.

நினாவில் த்ரீ பாயின்ட் போலார் அலைன்மென்ட் என்ற பிளக்இன்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துருவ நட்சத்திரம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. உயரமான, திறந்த வானத்தில் ஏதாவது ஒரு பகுதியைப் பார்த்து ஒரு படம் எடுக்கும், மவுன்ட்டைத் துருவ அச்சில் மட்டும் கொஞ்சம் சுழற்றி இன்னொன்று, மறுபடி சுழற்றி மூன்றாவது. மூன்றையும் சால்வ் செய்தால் எந்தப் புள்ளியை மையமாக வைத்து மவுன்ட் சுழல்கிறது என்று தெரிந்துவிடும், அது உண்மையான துருவத்திலிருந்து எத்தனை ஆர்க் மினிட் விலகியிருக்கிறது என்று உயரத்துக்கும் திசைக்கும் தனித்தனியாகத் திரையில் காட்டும். நீங்கள் திருகைத் திருப்பத் திருப்ப அது படம் எடுத்து எடுத்து எண்ணைப் புதுப்பிக்கும். திருகைக் கொஞ்சமாகத் திருப்பி, அடுத்த படம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்த திருப்பு. அவசரப்பட்டால் பழைய எண்ணைப் பார்த்துத் தாண்டிப் போய்விடுவீர்கள். இரண்டும் ஓரிரு ஆர்க் மினிட்டுக்குள் வந்தால் ஆரம்பத்துக்குத் தாராளம்.

மவுன்ட் வாங்கும் முன்னாலேயே அதன் உயரத் திருகு 12 டிகிரி வரை இறங்குமா என்று கேளுங்கள். குளிர்நாடுகளை மனதில் வைத்துச் செய்த சில மவுன்ட்டுகள் அவ்வளவு தாழ்வாக வராது. தாழ்த்தியபிறகு எதிர்எடைக் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கிறதா என்று பகலிலேயே ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.

இதே அட்சரேகையால் நமக்கு ஒரு பெரிய லாபமும் உண்டு. பக்கத்தில் திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கு, 12.5 டிகிரியிலிருந்து வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும் என்பதும் ஒரு காரணம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து நம் தெற்கு வானில் 30 டிகிரி வரை ஏறும், ஏப்ரல் நடு இரவில் பார்க்கலாம். ஈட்டா கரினா நெபுலா 18 டிகிரி. வெகு வடக்கே உள்ள நாடுகளின் அமெச்சூர்களுக்கு எட்டாத இவற்றை நாம் விட்டுவைக்கக் கூடாது.

தேடி, திருத்தி, நடுவில் நிறுத்துவது

இப்போது எல்லாம் இணைந்திருக்கிறது. நினாவின் ஃபிரேமிங் பக்கத்தில் ஓரியன் நெபுலாவுக்கு எம்42 என்று தேடுங்கள். வானப் படத்தின் மேல் உங்கள் ஃபிரேமின் செவ்வகம் தெரியும், அதை இழுத்து நெபுலா எங்கே அமைய வேண்டுமோ அங்கே வையுங்கள். பிறகு ஸ்லூ அண்ட் சென்டர் (திருப்பி நடுவில் நிறுத்து) என்பதை அழுத்துங்கள்.

அடுத்து நடப்பதைத் திரையில் பாருங்கள். மவுன்ட் போய் நிற்கும், ஆட்டம் அடங்கச் சில விநாடி காத்திருக்கும், படம் எடுக்கும், சால்வ் செய்யும், பிழை ஒன்றரை டிகிரி என்று காட்டும். அந்த உண்மையான இடத்தை மவுன்ட்டுக்குச் சொல்லி சிங்க் செய்து, மறுபடியும் நகர்த்தும். இரண்டாவது படத்தில் மூன்று ஆர்க் மினிட், மூன்றாவதில் முப்பது ஆர்க் செகண்ட். நாம் அனுமதித்த பிழை ஒரு ஆர்க் மினிட் என்றால் அங்கே நின்றுவிடும். நீங்கள் கையை வைக்கவே இல்லை, ஓரியன் நெபுலா ஃபிரேமில் கேட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும். அலைன்மென்ட் நட்சத்திரம் என்ற வேலையே இதற்கப்புறம் இல்லை.

பிழை குறையாமல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இருபது ஆர்க் மினிட்டிலேயே நின்றால், மவுன்ட்டும் மென்பொருளும் வேறுவேறு ஆண்டின் ஆயத்தொலைவில் பேசுகின்றன என்று சந்தேகப்படுங்கள். பட்டியல்கள் 2000-ஆம் ஆண்டைக் கணக்காக வைத்தவை. பூமியின் அச்சு ஆண்டுக்கு 50 ஆர்க் செகண்ட் நகர்வதால் இன்று வானத்தின் இடத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு டிகிரி வரை வித்தியாசம் வந்துவிட்டது. மவுன்ட் டிரைவரின் செட்டிங்கில் ஜே2000, ஜேநவ் என்ற தேர்வு இருக்கும், அதைச் சரிபாருங்கள்.

சால்வே ஆகவில்லை என்றால் முதலில் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் பாருங்கள். நட்சத்திரம் கோடாக இழுத்திருந்தால் மவுன்ட் ஆட்டம் நிற்கவில்லை, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். பருத்திருந்தால் ஃபோகஸ். நட்சத்திரமே சில என்றால் மேகம் அல்லது எக்ஸ்போஷர் குறைவு. படம் நன்றாக இருந்தும் ஆகவில்லை என்றால் குவியத்தூரம் தப்பு, அநேகமாக ரெட்யூசரையோ, குவியத்தூரத்தைக் கூட்டும் பார்லோவையோ கணக்கில் சேர்த்திருக்க மாட்டீர்கள். அதுவும் சரி என்றால் தேடும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள், மவுன்ட் தான் இருப்பதாக நினைக்கும் இடத்திலிருந்து 30 டிகிரிக்கும் அப்பால் இருக்கலாம். தெரு விளக்கும் நிலவும் சால்விங்கைப் பெரிதாகத் தடுக்காது, தருமபுரி டவுன் நடுவிலுள்ள மொட்டைமாடியிலேயே இவ்வளவையும் பழகலாம்.

ராத்திரி முழுக்க ஓட்டுவது

நினாவின் சீக்வென்சரில் வேலைகளை வரிசையாக அடுக்கலாம்: ஸ்லூ அண்ட் சென்டர், கைடிங் தொடக்கம், இத்தனை படம், முடிந்ததும் மவுன்ட்டைப் பார்க் செய்வது, அதாவது அதன் ஓய்விடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சேருங்கள். ஒன்று மெரிடியன் ஃபிளிப், பொருள் உச்சியைத் தாண்டும்போது மவுன்ட் புரண்டு மறுபக்கம் வரும், வந்ததும் மறுபடி சால்வ் செய்து அதே இடத்தில் நிறுத்தும். இன்னொன்று, ஃபிரேம் நகர்ந்துவிட்டால் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரும் டிரிகர். முதல் இரவில் ஃபிளிப் நடக்கும்போது பக்கத்திலேயே நின்று டார்ச் அடித்துக் கேபிள் எதிலாவது சிக்குகிறதா என்று பாருங்கள், யுஎஸ்பி ஒயர் அறுந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நல்லது. வோல்டேஜ் இறங்கினால் மவுன்ட் ஸ்டெப்பைத் தவறவிடும், சால்விங் அதைத் திருத்தப் பார்த்துக்கொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் நீங்கள் மென்பொருளைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனி கொட்டும், லென்ஸில் டியூ ஹீட்டர் இல்லாவிட்டால் நள்ளிரவுக்குள் படம் மங்கி சால்வ் நின்றுவிடும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் நமக்கு நல்ல காலம். இருட்டுக்காக அஞ்செட்டி, ஜவளகிரி பக்கம் காட்டோரமாகப் போய்த் தனியாக நிற்காதீர்கள். ராகி அறுப்பு சமயத்தில் அங்கே யானை நடமாட்டம் அதிகம், லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்களின் தோட்டமோ களமோ, வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும், வீட்டாரிடமும் பக்கத்து நிலத்துக்காரரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். மாந்தோப்பு வேண்டாம், மரங்கள் தெற்கை மறைத்துவிடும். ஏப்ரல் பாதிக்கு மேல் கோடை மழை சொல்லாமல் வரும், சீக்வென்ஸ் தானாக ஓடினாலும் ஆள் தூங்கக் கூடாது, தார்ப்பாயைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கிளம்பும் முன் மவுன்ட்டைப் பார்க் செய்து, நினாவின் புரொஃபைலை இந்த டெலஸ்கோப், இந்தக் கேமரா என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டால், அடுத்த முறை போலார் அலைன்மென்ட்டிலிருந்தே தொடங்கலாம்.